மாமாவின் பலகை ஒலிபெருக்கிகளும் அம்மம்மாவின் கசற்றும்

ரொறன்ரோவில் முப்பது வருடங்களுக்கும் மேலாக வாழும் என்னுடைய மாமா, ஊரிலுள்ள பழைய வீட்டைத் திருத்திக்கொண்டு நிரந்தரமாகத் திரும்பிவரத் தீர்மானித்திருக்கிறார். எதைக் கப்பலில் ஏற்றுவது, எதை விற்றுவிட்டு வருவது என்று அவர் போட்ட பட்டியலில் ஒரேயொரு பொருளுக்கு நேரே மட்டும் கேள்விக்குறி இருந்தது. ஆளுயரத்தில், கதவுப் பலகை போல நிற்கும் இரண்டு ஒலிபெருக்கிகள். பதினைந்து வருடங்களுக்கு முன்னர், இரண்டு வேலை செய்த காலத்தில், பழையதாக வாங்கியவை. அந்தப் பணத்துக்கு அன்று ஊரில் ஒரு கிணறு வெட்டியிருக்கலாம் என்று அம்மா இன்றும் சொல்லிக்காட்டுவார்.

“பிள்ளை, நீ பத்திரிகைக்கு எழுதிற ஆள்தானே. உது எங்கட சூட்டுக்கும் உப்புக்காத்துக்கும் தாங்குமோ எண்டு விசாரிச்சுச் சொல்லு” என்றார் மாமா.

விசாரித்தேன். அப்போது தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த ஒலிபெருக்கிகளை எங்களில் பெரும்பாலானோர் வாங்கப்போவதில்லை. ஆனால், இதை விளங்கிக்கொள்ளப் போன இடத்தில், அநேகமாக எங்கள் எல்லோருடைய வீட்டு அலுமாரியிலும் கிடக்கக்கூடிய ஒரு பொருளைப் பற்றியும் யோசிக்க வேண்டிவந்தது. மாமாவுக்கு அந்தப் பலகைகள் ஏன் தேவைப்பட்டன என்பதும் அதற்குள் அடங்குகிறது.

டைனமோவைத் திருப்பிப்போட்டால்

1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலியில் செய்தி கேட்ட காலத்தை இதை வாசிக்கும் பலர் மறந்திருக்க மாட்டார்கள். ஒலிபெருக்கி எப்படி வேலை செய்கிறது என்பதை விளங்கிக்கொள்ள அந்த டைனமோ போதும்.

டைனமோவுக்குள் ஒரு காந்தம் சுழலும்போது அருகிலுள்ள கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அதாவது அசைவு மின்சாரமாக மாறுகிறது. ஒலிபெருக்கி இதன் மறுபக்கம். காந்தத்தின் அருகே இருக்கும் கம்பியில் மின்சாரத்தைச் செலுத்தினால் கம்பி அசையும். அந்த அசைவு காற்றைத் தள்ளினால் அது ஒலி.

சாதாரண ஒலிபெருக்கியில் அந்தக் கம்பி ஒரு சுருளாக இருக்கும். சுருளுடன் ஒரு கடதாசிக் கூம்பு ஒட்டப்பட்டிருக்கும். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலொக் ஆகிய இருவரும் 1925இல் வெளியிட்ட வடிவம் இது. வீட்டு வானொலியிலும் கைத்தொலைபேசியிலும் அடிப்படையில் இன்றும் இதுவே இருக்கிறது. மலிவானது, உறுதியானது. ஆனால் இதில் இரண்டு குறைகள் உண்டு. சுருளும் கூம்பும் சேர்ந்து பாரமானவை. ஆகவே நுட்பமான ஒலி வரும்போது உடனே அசையவும் உடனே நிற்கவும் அவற்றால் இயல்வதில்லை. அடுத்தது, கூம்பின் பின்பக்க ஒலியை அடக்க அதை ஒரு பெட்டிக்குள் வைக்க வேண்டும். அந்தப் பெட்டியும் சேர்ந்து அதிரும். ஒருவருடைய குரலைப் பெட்டிக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கிறோம் என்றால் பெரும்பாலும் அதுதான் காரணம்.

பலகை ஒலிபெருக்கிகள் இந்த இரண்டையும் தவிர்க்கப் பிறந்தவை. பாரமான கூம்புக்குப் பதிலாக, தலைமுடியை விட மெல்லிய படலம். பெட்டியே கிடையாது.

மூன்று வகை

முதலாவது, உண்மையான ரிப்பன். இரண்டு காந்தங்களுக்கு நடுவில் மிக மெல்லிய அலுமினியத் தகட்டு நாடா ஒன்று தொங்கும். மின்சாரத்தைக் கொண்டுசெல்வதும் அதுவே, ஒலி எழுப்புவதும் அதுவே. 1930களில் வானொலி நிலையங்களில் புகழ்பெற்ற ஆர்.சி.ஏ. ரிப்பன் மைக்குகளும் இதே தத்துவத்தில், திசை மாறி வேலை செய்தவைதான். மனிதக் குரலுக்கு அந்த மைக்குகள் பெயர் போனவை.

இரண்டாவது, தட்டைக் காந்த வகை. பிளாஸ்ரிக் படலம் ஒன்றின் மேல் மெல்லிய கம்பிகளை நேர்கோடுகளாக ஒட்டி, அதன் பின்னால் வரிசையாகக் காந்தப் பட்டிகளை வைப்பார்கள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், 3எம் நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்த ஜிம் வைனி 1969இல் தொடங்கிய மெக்னபான் நிறுவனம் இதற்குப் பெயர் பெற்றது. 2019இல் அந்த நிறுவனம் சோடி 650 அமெரிக்க டொலருக்கு ஒரு சிறிய வடிவத்தை வெளியிட்டது. இந்த வகையில் அது மலிவு. பெரியவை பல ஆயிரம் டொலர்களுக்குப் போகும்.

மூன்றாவது, நிலைமின் வகை. இதில் காந்தமே இல்லை. துளையிட்ட இரண்டு உலோகத் தட்டுகளுக்கு நடுவில் பல ஆயிரம் வோல்ற் ஏற்றப்பட்ட படலம் ஒன்று நிற்கும். தட்டுகளுக்குப் பாட்டின் மின்சமிக்ஞை போகும்போது படலம் இழுபட்டும் தள்ளுப்பட்டும் அசையும். பாடசாலையில் சீப்பைத் தலையில் தேய்த்துக் கடதாசித் துண்டுகளைத் தூக்கினோமே, அதே விசை. இங்கிலாந்தின் ஹன்ரிங்டனில் பீற்றர் வோக்கர் உருவாக்கி 1957இல் விற்பனைக்கு வந்த குவாட் ஒலிபெருக்கி இந்த வகையில் முன்னோடி. மனிதக் குரலை இதைப் போலத் தருவது அரிது என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அறுபது வருடங்கள் கடந்த பலகைகளைத் திருத்தித் திருத்தி வைத்திருக்கிறார்கள்.

மாமாவிடம் இருப்பவை இரண்டாவது வகை.

சுமையிழுக்கும் அம்பிளிபயர்

இவற்றை வாங்குவதைவிட இயக்குவதுதான் செலவு. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டரைப் போட்டவுடன் வீட்டு பல்ப் ஒருகணம் மங்குவதைக் கண்டிருப்போம். மோட்டர் ஒரேயடியாக நிறைய மின்னோட்டத்தை இழுப்பதால் வருவது அது. பலகை ஒலிபெருக்கியும் அம்பிளிபயரிடம் அப்படித்தான் கேட்கிறது.

முதலில் ஒலியளவு. இந்த வகைப் பலகைகளுக்கு ஏறத்தாழ 2 வாற் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் சுமார் 86 டெசிபெல் ஒலி வரும். ஒலி 3 டெசிபெல் கூடுவதற்கு வலுவை இரட்டிப்பாக்க வேண்டும். ஆகவே 89க்கு 4 வாற், 92க்கு 8, 95க்கு 16, 98க்கு 32, 101க்கு 64, 104க்கு 128 வாற். மெல்லிய குரலுக்கு இரண்டு வாற் போதும். நடுவில் ஒரு தவில் அடி விழுந்தால் அந்தக் கணத்துக்கு மட்டும் நூறு வாற் தேவைப்படும். அந்தக் கணத்தில் கொடுக்க முடியாத அம்பிளிபயர் ஒலியின் தலையைச் சீவிவிடும். காதுக்கு அது கரகரப்பாகக் கேட்கும். அந்தக் கரகரப்பு ஒலிபெருக்கியையும் கெடுக்கும்.

அடுத்தது தடை. வழமையான ஒலிபெருக்கி 8 ஓம் என்றால், தட்டைக் காந்த வகை பெரும்பாலும் 4 ஓம். அம்பிளிபயர் 20 வோல்ற் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 8 ஓமுக்கு 2.5 அம்பியர் போகும், 50 வாற். 4 ஓமுக்கு 5 அம்பியர், 100 வாற். 1980களில் அமெரிக்காவில் அப்போஜி என்ற நிறுவனம் செய்த சின்ரில்லா என்ற ரிப்பன் ஒலிபெருக்கியில் தடை 1 ஓம் வரை இறங்கியது. அதற்கு இதே 20 வோல்ற்றில் 20 அம்பியர், 400 வாற். பல அம்பிளிபயர்கள் அதன் முன் சூடாகி நின்றுபோயின. அந்த நிறுவனமும் இன்று இல்லை. அதன் ஒலிபெருக்கிகளை வைத்திருப்பவர்கள் ரிப்பன்களைத் தனியாகச் செய்விப்பவர்களை நம்பியே இருக்கிறார்கள்.

ஆகவே ‘1000 வாற்’ என்று பெட்டியில் ஒட்டியிருப்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது. 4 ஓமில் தொடர்ச்சியாக எவ்வளவு தருகிறது என்பதே கேள்வி. 8 ஓமில் தருவதைப்போல் கிட்டத்தட்ட இருமடங்கு 4 ஓமில் தந்தால் அது நல்ல அம்பிளிபயர். நிலைமின் வகையில் நிலைமை வேறு. அதில் உயர்ந்த சுருதிகளில் தடை மிகவும் கீழே விழும். பழைய குவாட்டுக்குப் பெரிய அம்பிளிபயரை இணைத்து ஒலியைக் கூட்டினால் பலகையே பொறிபறந்து எரிந்துபோகலாம்.

வீட்டுக்குள் எங்கே வைப்பது

பெட்டி இல்லாததால் பலகையின் முன்பக்கம் வரும் அளவுக்கே பின்பக்கமும் ஒலி வரும். சுவரோடு ஒட்டி வைத்தால் பின்னால் போன ஒலி உடனே தெறித்து வந்து முன்னால் வருவதோடு கலந்து குழம்பிவிடும். குறைந்தது ஒரு மீற்றராவது சுவரிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். பக்கவாட்டில் மட்டும் ஒலி குறைவு, ஏனெனில் முன்னும் பின்னும் வருபவை அங்கே ஒன்றையொன்று அழிக்கின்றன. அதே காரணத்தால் அடித்தொனியும் குறையும். 40 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீற்றர். பலகையைச் சுற்றிக்கொண்டு வந்து தன்னைத் தானே அழிப்பது அதற்குச் சுலபம்.

எங்களுடைய வீடுகளில் சீமெந்துத் தரை, வெறுஞ்சுவர், உயர்ந்த கூரை. கை தட்டினால் எதிரொலிக்கும். கனடாவில் கார்ப்பெற் விரித்த அறையில் நன்றாக இருந்தது இங்கே இரைச்சலாக மாறலாம். பாய், தடித்த திரைச்சீலை, புத்தக அலுமாரி இவை மூன்றும் பெரும்பகுதியைச் சரிசெய்யும். பலகைக்குப் பின்னாலுள்ள சுவரில் புத்தக அலுமாரி இருந்தால் இன்னும் நல்லது.

சிறுபிள்ளைகள் உள்ள வீடென்றால் இன்னொரு விடயம். உயர்ந்து, மெலிந்து, ஒரு சிறிய அடிக்கட்டையில் நிற்கும் பொருள் இது. பிள்ளை பிடித்து இழுத்தால் சாயும். அடியில் அகலமான மரச்சட்டம் போட்டுப் பிணைப்பது அவசியம்.

வெயில், உப்பு, தூசி, பல்லி

மாமாவின் உண்மையான கேள்வி இதுதான். பதில் வகைக்கு வகை மாறுபடும்.

தட்டைக் காந்த வகையின் பலவீனம் பசை. கம்பிகளைப் படலத்தோடு பிடித்து வைத்திருப்பது பசைதான். வெப்பமும் நேரடி வெயிலும் பல வருடங்களில் அதை இளக்கிவிடும். கம்பி கழன்றால் சில சுரங்களில் ‘ர்ர்’ என்று அதிரும். பழையதை வாங்குபவர் செய்யவேண்டியது: அடித்தொனியை மெதுவாக உயர்த்திப் போட்டு அதிர்வு கேட்கிறதா என்று கவனிப்பது, துணியைக் கழற்ற விட்டால் டோர்ச் அடித்துக் கம்பிகளைப் பார்ப்பது, மீற்றர் வைத்து இரண்டு பலகைகளின் தடையும் சமமா என்று அளப்பது. கழன்ற கம்பியை மீண்டும் ஒட்டலாம். பொறுமையுள்ள ஒருவருக்குச் சில நாள் வேலை. ஆனால் உப்புக்காற்றில் அரித்து அறுந்த கம்பி வேறு பிரச்சினை. கடற்கரையோரம் என்றால் யன்னலுக்கு நேரே வைக்கக்கூடாது. பாவிக்காதபோது துணியால் மூடிவைக்க வேண்டும்.

காந்தங்கள் இரும்புத்தூளை இழுக்கும். வீடு திருத்தும்போது கிறில் கம்பி வெட்டும் அறையில் இவற்றை வைத்தால் தூள் உள்ளே போய்ப் படலத்தைத் தின்றுவிடும். கட்டட வேலை முழுவதும் முடிந்த பின்னரே பெட்டியைப் பிரிக்க வேண்டும்.

ரிப்பன் வகை காற்றுக்கே பயப்படும். வாயால் ஊதக்கூடாது, தூசி உறிஞ்சும் கருவியை அருகே கொண்டுபோகக்கூடாது, மேசைவிசிறியை நேரே திருப்பக்கூடாது. ரிப்பனைக் காக்க ஒரு பியூஸ் இருக்கும். அது அடிக்கடி போகிறதென்று கூடிய அளவு பியூஸ் போடுவது எங்களிடமுள்ள கெட்ட பழக்கம். அப்படிச் செய்தால் அடுத்து எரிவது ரிப்பன்.

நிலைமின் வகையை எங்கள் காலநிலைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பல ஆயிரம் வோல்ற் ஏற்றிய படலம் தூசியை இழுக்கும். மாரியின் ஈரத்தில் மின்னேற்றம் கசியும், ‘சிர்’ என்று இரையும். பூச்சி தேடி உள்ளே போகும் பல்லியும் தப்பாது, பலகையும் தப்பாது. அனுபவமில்லாத ஒருவர் அதன் பின்பக்கத்தைத் திறப்பது உயிராபத்து. பிளக்கைக் கழற்றிய பின்னரும் உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கும்.

கனடாவிலிருந்து கொண்டுவருபவர்களுக்கு ஒரு முக்கிய குறிப்பு. தட்டைக் காந்தப் பலகைக்கு வீட்டு மின்சாரம் தேவையில்லை, ஆகவே அது எந்த நாட்டிலும் வேலை செய்யும். அம்பிளிபயர் அப்படியல்ல. அங்கே 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். வோல்ற்றைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் போட்டாலும் ஹேர்ட்ஸ் மாறாது. 60க்கு மட்டும் செய்யப்பட்ட அம்பிளிபயர் 50இல் கூடுதலாகச் சூடேறி இரையும். பின்பக்கத் தகட்டில் 50/60 என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அதை அங்கேயே விற்றுவிட்டு இங்கே வாங்குவது புத்தி.

எதைக் கேட்பதற்காக?

இதையெல்லாம் மாமாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். ஆறுதலாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “சரி, பலகை வரட்டும். கசற்றை என்ன செய்யிறது?” என்றார்.

அந்தக் காலத்தில் கடிதத்துக்குப் பதிலாகக் குரலைப் பதிந்து வெளிநாட்டுக்கு அனுப்பும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது. 1990களின் நடுப்பகுதியில் அம்மம்மா மாமாவுக்கு அப்படியொரு கசற் அனுப்பியிருக்கிறார். பின்னர் அம்மம்மா இறந்தபோது பாதை பூட்டியிருந்தது. மாமா செத்தவீட்டுக்கு வரவில்லை. அந்தக் கசற்றைக் கேட்கத்தான் பலகை ஒலிபெருக்கி வாங்கினேன் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. கிணறு பற்றிய கதை வரும்போதெல்லாம் பேசாமல் இருந்துவிடுவார்.

கசற்றில் அம்மம்மாவின் குரல் இடைக்கிடை மெலிந்து, சிறுபிள்ளை கதைப்பது போலாகிப் பிறகு வழமைக்கு வரும். நாடா பழுதாகிவிட்டது என்று மாமா நெடுங்காலம் நினைத்திருக்கிறார். நல்ல ஒலிபெருக்கியில் கேட்டபோதுதான் பின்னணியில் சீராகச் சுற்றும் ஒரு சத்தம் பிடிபட்டதாம். சைக்கிள் சில்லு. ரேப் ரெக்கோடர் டைனமோவில் ஓடியிருக்கிறது. சுற்றுபவர் களைக்கும்போது நாடா மெதுவாக ஓடும். மெதுவாகப் பதிந்ததை வழமையான வேகத்தில் போட்டால் குரல் மேலே போகும். நாடாவில் பழுது இல்லை. சுற்றியவர் களைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

சுற்றியவர் சின்ன மாமா. ஒரு இடத்தில் “காணும் அம்மா, கை நோகுது” என்று சொல்கிறார். 2009இலிருந்து அவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். அவருடைய குரல் வேறெங்கும் பதிவாகவில்லை.

எவ்வளவு விலையுள்ள ஒலிபெருக்கியும் நாடாவில் இல்லாததைத் தராது. நாடாவில் இருப்பதோ வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டிருக்கிறது. ஆகவே மாமாவிடம் நான் சொன்ன பதில், பலகைக்கு முன்னர் கசற்றைக் காப்பாற்றுங்கள் என்பதுதான். அதற்கு இவ்வளவு போதும்.

கசற்றைப் போடுவதற்கு முன்னர், நாடாவை அழுத்தும் சிறிய பஞ்சுத்துண்டு உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் ஒலி மங்கலாகும். அதை மாற்றலாம். நீண்டகாலம் அசையாமல் கிடந்த நாடாவை முதலில் ஒருமுறை முழுவதும் முன்னோக்கியும் பின்னோக்கியும் சுற்றிவிடுங்கள். பூஞ்சணம் தெரிந்தால் சுற்றாமல், தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். ரெக்கோடரின் தலையை ஐசோபுரப்பைல் அற்ககோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள். ரெக்கோடரிலிருந்து கணினிக்கு வயர் மூலம் எடுத்து, சுருக்காத வேவ் கோப்பாகப் பதியுங்கள். ஸ்பீக்கருக்கு முன்னால் கைத்தொலைபேசியைப் பிடித்துப் பதிவது கடைசி வழி மட்டுமே. இரைச்சலை நீக்குகிறேன் என்று மூலப்பதிவில் கைவைக்க வேண்டாம். சில்லுச் சத்தத்தை இரைச்சல் என்று நீக்கியிருந்தால் எங்களுக்கு என்ன மிஞ்சியிருக்கும்? பிரதிகளை மூன்று இடங்களில், வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். விரும்பினால் நூலகம் நிறுவனம் போன்ற எங்களுடைய எண்ணிம ஆவணகங்களுடன் பேசிப் பாருங்கள். மூலக் கசற்றை எறிய வேண்டாம். காந்தம் உள்ள எந்த ஒலிபெருக்கிக்கு அருகிலும் அதை வைக்கவும் வேண்டாம்.

மாமா சென்ற மாதம் அதைச் செய்து முடித்தார். கோப்பை எனக்கு அனுப்பினார். அம்மா சாதாரணக் கைத்தொலைபேசியில்தான் கேட்டார். சில்லுச் சத்தம் அதில் கேட்கவில்லை. “கை நோகுது” மட்டும் கேட்டது. இரண்டாவது முறை போடச் சொன்னார்.

பலகைகள் கப்பலில் வருகின்றன. அம்பிளிபயரை மாமா அங்கேயே விற்றுவிட்டார். முன் அறையில் யன்னலுக்கு எதிர்ப்புறமாக, சுவரிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி இடம் விட்டிருக்கிறோம். அதில் அம்மாவும் ஒருநாள் சில்லுச் சத்தத்தைக் கேட்பார். இப்போது அவர் கிணற்றைப் பற்றிக் கதைப்பதில்லை.